மீட்டர் வயரில் தோல் போயிருந்தால்: டேப்பா, ஸ்லீவா, பைப்பா, புது வயரா?

மீட்டர் பெட்டிக்குள் வயரின் தோல் வெடித்துச் செம்பு எட்டிப் பார்த்தால், எல்லோரும் முதலில் கேட்பது “எந்த டேப் சுற்றலாம்?” என்றுதான். அதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு. அந்தத் துண்டு யாருடைய பொறுப்பு, அதில் மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்பது ஒன்று. தோல் எதனால் போனது என்பது இன்னொன்று. இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் டேப், ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் குழாய் உறை), பைப், புது வயர் என்ற நாலில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது

மெயின் சுவிட்ச் தனக்குப் பின்னால் இருப்பதை மட்டுமே அணைக்கும். கம்பத்திலிருந்து இறங்கும் சர்வீஸ் வயர், கட்-அவுட் ஃபியூஸிலிருந்து (மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ்) மீட்டருக்குப் போகும் வயர், மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சின் மேல் முனைக்கு வரும் வயர் ஆகிய மூன்றிலும் சுவிட்சை அணைத்த பிறகும் முழு வோல்டேஜ் இருக்கும். அந்த மூன்றாவது துண்டில்தான் ஏமாறுகிறார்கள். “மீட்டருக்குப் பின்னால் இருப்பது நம்முடையதுதானே, சுவிட்சை அணைத்துவிட்டேன்” என்று கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இந்தத் துண்டுகளுக்குக் காவல் இல்லை. இங்கே இருக்கும் ஒரே காவல் மேலே, அதாவது கம்பத்துப் பக்கம், உள்ள ஃபியூஸ். ஒரு வீட்டு இணைப்பில் அது பல பத்து ஆம்பியர் தாங்குவதாக இருக்கும். உயிரைப் பறிக்க 50 மில்லிஆம்பியர் போதும்; அந்த ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனி பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். ஃபியூஸ் அறுவதற்குள் உருகிய செம்பு முகத்தில் தெறித்திருக்கும். உயிரோடு இருக்கும் மீட்டர் வயரில் டேப் சுற்றக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ரப்பர் கையுறை போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை. நைந்த தோலைச் சுற்றி அழுத்தும்போது அது உடைந்து கழன்று, அதுவரை மறைந்திருந்த செம்பும் வெளியே வரும்.

நியூட்ரல்தானே என்று விடவும் முடியாது. மேலே எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால், வீட்டிலுள்ள சாதனங்கள் வழியாக வந்து அந்த வயரிலும் பேஸ் வோல்டேஜ் நிற்கும்.

மீட்டர் வரையிலான பகுதியும் சீல் வைத்த மூடிகளும் பெரும்பாலும் மின் விநியோக நிறுவனத்தின் சொத்து. சீலை உடைத்தால் சட்டச் சிக்கல், மின் திருட்டுச் சந்தேகம் இரண்டும் வரும். அங்கே டேப்பா ஸ்லீவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வேலையில்லை. புகார் கொடுப்பது ஒன்றுதான் வழி. புகாரில் “வயர் பழுது” என்று எழுதினால் அது வரிசையில் கடைசிக்குப் போய்விடும். “கட்-அவுட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே 4 செ.மீ. நீளத்துக்குச் செம்பு தெரிகிறது, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம், மழைச்சாரல் படுகிறது” என்று எழுதி, எட்ட நின்று எடுத்த படத்தையும் இணைக்க வேண்டும். ‘உர்’ என்ற ஓசையோ, கருகிய வாடையோ, பொறியோ இருந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் அவசர எண்ணுக்குப் பேச வேண்டும். ஆள் வரும்வரை பெட்டிக் கதவைச் சாத்தி வைத்து, குழந்தைகள் அண்டாதபடி பார்த்துக்கொள்வதே போதுமான தற்காலிகக் காப்பு. கார்டனில் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸைக் கீறி வயர்மேல் மாட்டிவிடுவது பரவலாக நடக்கிறது. அது கீறல் வழியே தண்ணீரை வாங்கி உள்ளே தேக்கி வைக்கும். மாட்டாமல் இருப்பதே மேல்.

தோல் எதனால் போனது?

காயத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெயிலில் போன பிவிசி, வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறி, சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். நீளவாக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெளியேறித் தோல் விறைத்துவிட்டது என்று அர்த்தம். இன்று ஓரிடத்தில் டேப் சுற்றினால் நாளைக்கு ஒரு சாண் தள்ளி அடுத்த வெடிப்பு திறக்கும். இந்த வகைக்கு ஒட்டு வேலை வீண்.

சூட்டில் போனது வேறு மாதிரி இருக்கும். முனையை ஒட்டிய கடைசி 3 முதல் 5 செ.மீ. மட்டும் பழுப்பேறி, பளபளத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கும். அதற்கு மேலே வயர் புத்தம் புதிதாகத் தெரியும். இங்கே குற்றவாளி தோல் இல்லை, லூஸ் கான்டாக்ட். பிவிசித் தோல் 70 டிகிரி செல்சியஸ் வரையும், எக்ஸ்எல்பிஇ (சூட்டை அதிகம் தாங்கும் இன்னொரு வகைப் பிளாஸ்டிக் தோல்) 90 டிகிரி வரையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. இறுகாத ஸ்க்ரூவில் அந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். அதன்மேல் டேப் சுற்றினால் சூடு வெளியேற முடியாமல் இன்னும் ஏறும். கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த எச்சரிக்கையும் மறைந்துபோகும். மீட்டர் வயர் விஷயத்தில் டேப் செய்யும் மிகப் பெரிய கெடுதல் இதுதான்.

இரும்புப் பெட்டியின் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்திருந்தால் விளிம்பு உரசி ஒரே இடத்தில் அறுக்கும். மீதி வயர் நன்றாகவே இருக்கும். எலி கடித்ததென்றால் இரட்டைப் பல் தடங்கள் இருக்கும். ஒரு கடி தெரிந்தால் கண்ணில் படாத இன்னும் நாலு இருக்கும் என்று வைத்துக்கொண்டு முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய ரப்பர்-பருத்தி வயர் என்றால் தொட்டாலே உதிரும். அதை அசைக்கவே கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. அங்கே தோலில் எந்தக் கேடும் இல்லை, போட்ட ஆளின் அவசரம்தான் கேடு. 20 மி.மீ. ஆழமுள்ள முனைக்கு 35 மி.மீ. உரித்து, மிச்சச் செம்பை வெளியே விட்டிருப்பார். மின்சாரத்தை நிறுத்தியபின் வயரை வெளியே எடுத்து, செம்பைச் சரியான நீளத்துக்கு நறுக்கித் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது, டேப்பே வேண்டாம்.

இரட்டைத் தோல் வயரில், வெளி உறை மட்டும் கிழிந்து உள்ளே நிறத்தோல் முழுசாக இருந்தால், அது செம்பு தெரிவதைவிட ஒரு படி கீழான பழுது. அங்கே இன்சுலேஷன் இருக்கிறது, அதற்கான கவசம்தான் போயிருக்கிறது. பைப், டிரங்கிங் (வயரை உள்ளே வைத்து மூடி போடும் நீள்பெட்டி) போன்றவற்றுக்கு உண்மையான பயன் இங்கேதான்.

மெக்கரை (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 500 வோல்ட் டிசி வைத்துச் சோதிக்கும்போது 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் வயர் தேறாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உலர்ந்த காற்றில் தொங்கும் வெறும் செம்பும் மெக்கரில் முதல் வகுப்பில் தேறும், காற்றே நல்ல இன்சுலேட்டர் என்பதால். மழை நாளில்தான் சாயம் வெளுக்கும். ஆகவே கண்ணால் பார்ப்பது முதல் சோதனை, மெக்கர் இரண்டாவது.

பிவிசி டேப்பும் ரப்பர் டேப்பும்

சாதாரண பிவிசி டேப்பின் தடிமன் 0.13 முதல் 0.18 மி.மீ. வரை. 16 சதுர மி.மீ. வயரின் பிவிசித் தோல் 1 மி.மீ. தடிமன். பாதிக்குப் பாதி மேலேற்றி ஒருமுறை சுற்றினால் இரண்டு அடுக்கு, அதாவது நல்ல டேப்பிலேயே 0.36 மி.மீ.தான் கிடைக்கும். இப்படி மூன்று முறை சுற்றினால்தான் தோலின் தடிமனை எட்டும். தடிமன் கிடைத்தாலும் அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது பசைதான். பெட்டிக்குள் வெப்பம் ஏற ஏறப் பசை வழுக்கும், டேப்பின் வால் பிரிந்து கொடிபோல் நிற்கும். ஈரம் அந்த இடுக்கில் ஏறும். அதனால் செம்பு தெரியும் இடத்தில் பிவிசி டேப்பை மட்டும் வைத்து வேலையை முடிப்பது தவறு. வெளி உறையின் சிறு கீறலுக்கும், வேறொன்றின் மேல் போர்வையாகவும் அது நல்ல பொருள். துணி டேப், செல்லோ டேப், பிளாஸ்திரி எல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது.

தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கடையில் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் என்று கேட்டால் கிடைப்பது, வேறு சாதி. அதில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ரப்பர் கட்டியாகிவிடும். தடிமன் 0.5 முதல் 0.76 மி.மீ. வரை. டேப் வேலைதான் என்று முடிவாகிவிட்டால் செம்புக்கு மேலே முதலில் போக வேண்டியது இதுதான். ஆனால் அதைப் பிவிசி டேப் மாதிரியே சுற்றுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது.

மின்சாரம் நின்றுவிட்டதை இரண்டு முனை டெஸ்டரால் உறுதி செய்ய வேண்டும். முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓரிடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு இங்கே பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார்த்து, மறுபடி தெரிந்த இடத்தில் டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். தொடாமலே விளக்கெரியும் பேனா டெஸ்டரை இதற்கு நம்பக் கூடாது. அடுத்துச் செம்பு இழைகளைப் பார்க்க வேண்டும். ஓரிரு இழை அறுந்திருந்தாலோ, செம்பு கறுத்திருந்தாலோ டேப்பைக் கீழே வைத்துவிட்டு வயரை மாற்றும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

இழைகள் சரியாக இருந்தால், கிழிந்து தொங்கும் தோலை நறுக்கி, இரு பக்க விளிம்பையும் பென்சில் சீவியதுபோல் சாய்வாகச் சீவ வேண்டும். செங்குத்தான விளிம்பை விட்டால் அதன் அடியில் காற்று தங்கும், ஈரமும் அங்கேதான் சேரும். உலர்ந்த துணியால் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, முழுசாகக் காய விட வேண்டும். காயத்துக்கு 50 மி.மீ. முன்னால், நல்ல தோலின் மேல் சுற்றத் தொடங்கி, டேப்பின் அகலம் கண்ணுக்குத் தெரிந்து சுருங்கும்வரை இழுத்து, பாதி மேலேறும்படி சுற்றிப்போய், மறுபக்கம் 50 மி.மீ. தாண்டித் திரும்பி வர வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. வெறும் ரப்பர் நாடாதான். கடைசி இரண்டு சுற்றை மட்டும் இழுக்காமல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். இதன்மேல் பிவிசி டேப் இரண்டு அடுக்கு. பெரும்பாலான ரப்பர் டேப்கள் உரசலுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்காது, அதற்காகத்தான் இந்தப் போர்வை. சிலிக்கான் ரப்பர் டேப் வெயிலையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் கூரான விளிம்பு பட்டால் சட்டென்று கிழியும். இரும்புப் பெட்டித் துளைக்கு அருகில் அது வேண்டாம்.

டப்பாவில் வரும் திரவ டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூசும் கனம் சீராக வராது, அதிலுள்ள கரைப்பான் தீப்பற்றும், காய மணிக்கணக்காகும். குளியலறைச் சுவர் இடுக்கை அடைக்கும், புளித்த காடி வாடை வீசும் சிலிக்கானைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்

தரத்தில் டேப்பைவிட ஒரு படி மேல். உள்ளே பசை பூசிய இரட்டைச் சுவர் ஸ்லீவ் சுருங்கும்போது பசை உருகி இடுக்குகளை நிரப்பும். ஈரம் ஏற வழியே இருக்காது. பாலியோலிஃபின் ஸ்லீவ் 125 டிகிரி வரை தாங்கும், வயரின் சொந்தத் தோலைவிட அதிகம்.

அளவு எடுப்பது எளிது. வயரின் வெளி விட்டம் 10 மி.மீ. என்றால் 18/6 அளவுள்ள 3:1 ஸ்லீவ் பொருந்தும். விரிந்த நிலையில் 18 மி.மீ. இருப்பதால் தாராளமாக நுழையும், முழுசாகச் சுருங்கினால் 6 என்பதால் 10-இல் கவ்விப் பிடிக்கும். காயம் 50 மி.மீ. என்றால் இரு பக்கமும் 50 சேர்த்து 150, நீளவாக்கில் கொஞ்சம் சுருங்குவதற்காக இன்னும் 15 சேர்த்து 165 மி.மீ. வெட்டிக்கொள்ள வேண்டும். ஹீட் கன்னை (சூடான காற்று வீசும் கருவி) நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் அடைபடும். இரு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தால் வேலை சரி.

சிக்கல் என்னவென்றால் ஸ்லீவை நுழைக்க வயரின் ஒரு முனையைக் கழற்றியாக வேண்டும். முனையைக் கழற்றுவதென்றால் மின்சாரத்தை மேலே நிறுத்தி, சீலையும் எடுத்தாக வேண்டும். கழற்றாமலே சுற்றி மாட்டும் ஜிப் வகை ஸ்லீவும் உண்டு. அதன் பூட்டு பெரும்பாலும் உலோகப் பட்டை, உருவமும் பெரிது. முனைகள் நெருங்கி நிற்கும் மீட்டர் பெட்டிக்குள் அது ஆகாது, வெளியே சுவரில் ஓடும் சர்வீஸ் கேபிளுக்கே பொருந்தும். ஹீட் கன்னின் காற்று மீட்டரின் பிளாஸ்டிக் உடம்பையும் பக்கத்து வயரின் தோலையும் நெளிய வைக்கும் என்பதால், வயரை வெளியே இழுத்து வைத்துச் சுருக்குவது நல்லது. கேஸ் தீ, லைட்டர் இரண்டும் ஸ்லீவை ஒரு பக்கம் கருக்கி மறுபக்கம் சுருங்காமல் விட்டுவிடும்.

பைப், டிரங்கிங், பெட்டி

இவை எதுவும் இன்சுலேஷன் அல்ல. கை படாமல், ஆணி அடிக்காமல், எலி அண்டாமல் தடுப்பவை. செம்பு தெரியும் வயரைப் பைப்புக்குள் தள்ளிவிட்டால் பழுது தீராது. யார் கண்ணிலும் படாமல் போகும், அவ்வளவுதான். இரும்புப் பைப்பாக இருந்தால் அந்தப் பைப்பே பேஸ் ஆகிவிடக்கூடும். இரும்புப் பைப் என்றால் எர்த் கட்டாயம். பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்புக்குள் போவதும் கட்டாயம். பேஸை மட்டும் தனி இரும்புப் பைப்பில் விட்டால் காந்தப் புலத்தால் பைப் சூடேறும்.

நல்ல தோலுள்ள வயர், ஆனால் வெளி உறை கிழிந்திருக்கிறது அல்லது கை எட்டும் உயரத்தில் ஓடுகிறது என்றால் மூடி போட்ட பிவிசி டிரங்கிங்தான் சரியான தேர்வு. பைப்பைப்போல் வயரைக் கழற்றி நுழைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்தட்டைச் சுவரில் பொருத்த வயருக்குப் பக்கத்தில் துளை போட வேண்டியிருப்பதால் இதையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். பெட்டிக்குப் போகும் வயர் கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுகும் நுழைவு வளையம்) வழியாக நுழையட்டும். நுழையுமுன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியே இருக்கும் பெட்டிக்கு ஐபி 54-க்குக் (தூசியையும் தண்ணீர்த் தெறிப்பையும் தடுக்கும் அளவு) குறையாத தரம் பார்க்கலாம். இடைவெளியை அடைக்கத் தெர்மாகோலைத் திணிப்பது வேண்டாம். பிவிசியிலிருக்கும் எண்ணெய்ப் பொருளை அது உறிஞ்சித் தோலை விறைக்க வைக்கும்.

புது வயர்

மீட்டர் வயர் விஷயத்தில் கடினமான வேலை சுற்றுவதோ மாட்டுவதோ அல்ல; மேலே மின்சாரத்தை நிறுத்துவதுதான். அதற்கு மின் நிறுவனத்து ஆள் வர வேண்டும், சீல் எடுக்க வேண்டும், திரும்பச் சீல் வைக்க வேண்டும். டேப் சுற்றவும் அது வேண்டும், ஸ்லீவுக்கும் வேண்டும், புது வயருக்கும் வேண்டும். அவ்வளவும் நடந்தபின், மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே இருக்கும் ஒரு மீட்டர் வயரில் ஒட்டுப் போட்டுவிட்டு வருவது அர்த்தமில்லாத சிக்கனம். டேப் சுற்றி முடிப்பதைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஆகலாம். அந்தத் துண்டு குட்டையாகவும் திறந்த இடத்திலும் இருந்தால் காரணம் எதுவானாலும் மாற்றிவிடுவதே எங்கள் பரிந்துரை. வயர் நீளமாகச் சுவருக்குள் புதைந்து போய், காயம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால்தான் ஸ்லீவுக்கோ ரப்பர் டேப்புக்கோ வேலை.

பழைய வயரின் அளவுக்குக் குறையாமல், மேலே உள்ள ஃபியூஸுக்குப் பொருந்தும் அளவில் எடுக்க வேண்டும். இரட்டைத் தோல் உள்ளதாகவே வாங்கலாம். வளைக்கும்போது உள்வளைவு ஆரம் வயரின் விட்டத்தைப்போல் 4 மடங்குக்குக் குறையக் கூடாது, 10 மி.மீ. வயருக்கு 40 மி.மீ. முனையின் ஆழத்தை அளந்து அந்த நீளத்துக்கு மட்டும் உரிக்க வேண்டும். கத்தியை வட்டமாக ஆழ ஓட்டினால் இழைகளில் வெட்டு விழுந்து அங்கேயே பின்னால் முறியும். இழைகளை முறுக்கி ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்குவது பழைய பழக்கம், விட்டுவிட வேண்டிய பழக்கமும்கூட. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், ஸ்க்ரூ தானாகவே லூஸாகும். மென்னிழை வயருக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) அல்லது கிரிம்ப் செய்த, அதாவது நசுக்கிப் பொருத்திய, லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட வேண்டும். ஒரு பக்கம் அலுமினிய சர்வீஸ் வயர் வந்தால் இரு உலோக லக் (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம்) தேவை. செம்பையும் அலுமினியத்தையும் நேரே முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் பொடியாகிவிடும். ஸ்க்ரூவை மீட்டரிலோ சுவிட்சிலோ குறித்திருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, வயரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

சூட்டில் போன வயர் என்றால் முனையையும் பார்க்காமல் மூடிவிடக் கூடாது. ஸ்க்ரூவின் மரை கறுத்து, பித்தளை நிறம் மாறியிருந்தால் புது வயரும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும். அப்போது மாற்ற வேண்டியது சுவிட்சை. மீட்டரின் முனை கறுத்திருந்தால் மீட்டரை, அதை மின் நிறுவனம்தான் மாற்ற வேண்டும். மெக்கர் வைக்கும்போது மீட்டரையும் சர்ஜ் பாதுகாப்புச் சாதனத்தையும் கழற்றி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றின் எலக்ட்ரானிக்ஸ் போகும். புதிய குட்டை வயர் நூற்றுக்கணக்கில் மெகாஓம் காட்ட வேண்டும். ஒற்றை இலக்கத்தில் நின்றால் எங்கோ ஈரமோ நசுங்கலோ இருக்கிறது. மின்சாரம் கொடுத்தபின் பேஸ், நியூட்ரல் இடம் மாறவில்லை என்று பார்த்து, முனை மூடியைப் போட்டு, பெரிய லோடை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தெர்மல் கேமரா இருந்தால் மூடிமேல் பேஸ் பக்கத்தையும் நியூட்ரல் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே அளவு கரண்ட் ஓடும் இரண்டு முனைகளில் ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாகத் தெரிந்தால், சீல் வைக்கும் ஆள் போவதற்குள் மின்சாரத்தை மறுபடி மேலே நிறுத்தச் சொல்லி அந்த ஸ்க்ரூவைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.